சண்டை போட்டவன் புத்தகமா? சரித்திரக்காரன் புத்தகமா?

(மங்களூர் வாசகசாலைத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்த சங்கதி கடவுளைப் பற்றியதல்ல, கலியாணத்தைப் பற்றியதுமல்ல. புரோகிதரைப் பற்றியதும் அல்ல என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் நடுவில் ஓரிடத்தில் வந்தே தீருவார், அது நம் குற்றமல்ல. சங்கதி இதுதான். இந்த வாசகசாலைத் தோழர்கள் யுத்தத்தைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் வாங்க வேண்டுமென்று காசு சேர்த்திருக்கிறார்கள். சேர்ந்திருக்கிற காசு ஒரு புத்தகத்துக்குத்தான் காணும். ஒரு கட்சியார், பட்டாளத்தில் இருந்து சண்டை போட்டவனே தன் கையால் எழுதிய அநுபவப் புத்தகம் வேண்டும் என்கிறார்கள். மற்றொரு கட்சியார், அவன் கண்டது ஒரு மூலை, ஆகவே முழு யுத்தத்தையும் ஆராய்ந்து வரிசையாகச் சொல்லுகிற சரித்திரம்தான் வேண்டும் என்கிறார்கள். இரு கட்சியாரும் நம்மிடம் வந்து, நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒப்புக்கொள்ளுவது நமக்குப் பிடிக்காத காரியம். நம் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

யுத்தம் என்றவுடன் எங்கேயோ வெள்ளைக்காரன் தேசத்துச் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். திட்டக்குடியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற நம் வெள்ளாறு கடலில் விழுகிற பரங்கிப்பேட்டையில்தான் 1781-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலிக்கும் கும்பினிப் பட்டாளத்துக்கும் பெரிய சண்டை நடந்தது. ஆனால் இன்று அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிட நீங்கள் எல்லோரும் கதை தெரிந்து வைத்திருக்கிற ஒரு சண்டையை எடுத்துக்கொண்டால் விளங்குவது சுலபமாயிருக்கும். அது பாஞ்சாலங்குறிச்சிச் சண்டை. 1959-இல் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு அதன் வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். நல்லது. ஆனால் கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டதோடு கதை முடியவில்லை. அதற்கப்புறம்தான் பெரிய சண்டையே வந்தது. அந்த 1801-ஆம் வருஷச் சண்டையைப் பற்றி இரண்டு விதப் புத்தகமும் உண்டு.

சண்டை போட்டவன் புத்தகம் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து உத்தியோகஸ்தர் எழுதியது. அவர் சென்னைப் பட்டாளத்தில் ஏறக்குறைய 40 வருஷம் வேலை பார்த்து, தாம் வைத்திருந்த நாட்குறிப்பிலிருந்து எடுத்து, 1830-இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். சரித்திரப் புத்தகங்களில் ஒன்று கால்டுவெல் பாதிரியார் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி ஜில்லா சரித்திரம். தமிழ் முதலிய திராவிட பாஷைகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினாரே, அதே கால்டுவெல்தான். மற்றொன்று, பேராசிரியர் கே. ராஜய்யன் தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றி 1971-இல் வெளியிட்டது. மூன்றும் இங்கிலீஷில் எழுதப்பட்டவை. அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் படித்துத் தமிழில் சொல்ல, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது நம் வாசகசாலைகளுக்குப் புதிதல்லவே.

முதலில் வெல்ஷ் என்ன சொல்லுகிறார் என்று பாருங்கள்.

1801 பிப்ரவரி 2-ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையும் அவர் கூட்டத்தாரும் தப்பிப் போனார்கள். அந்தச் சமயத்தில் வெள்ளைக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மேஜர் மெக்காலே துரையின் தோட்ட வீட்டில் இருபது பேர் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லுகிறவர் நம்மவர் அல்ல, விருந்து சாப்பிட்ட கூட்டத்தில் ஒருவரே சொல்லுகிறார். எந்தச் சர்க்காராவது தன் ரிப்போர்ட்டில், கைதி ஓடுகிறபோது நாங்கள் இலை முன் இருந்தோம் என்று எழுதுமா? தரைமட்டமாகக் கிடந்த கோட்டையைத் தப்பிப் போனவர்கள் சில நாளில் மறுபடி எழுப்பிவிட்டார்கள். மார்ச் 31-ஆம் தேதி கும்பினிப் பட்டாளம் அதன்மேல் ஏறி, மிகுந்த சேதத்தோடு திரும்பிற்று. எதிரியின் தைரியத்தை வெல்ஷ் மறைக்கவில்லை. ஊமைத்துரையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால், இவர் யார் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் என்றே நமக்குச் சந்தேகம் வரும்.

சின்ன மருதுவைப் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் விசேஷம். 1795 வாக்கில், சண்டைக்கு முன்பு, வெல்ஷ் வாலிபராக இருந்தபோது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான். சிறுவயலில் அவர் வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் தடையில்லாமல் போகலாம் என்றிருந்ததாம். ஆறு வருஷம் கழித்து அதே வெல்ஷ், தமக்கு வித்தை சொல்லிக்கொடுத்த மனுஷனைக் காட்டு மிருகத்தைப் போல் துரத்திய பட்டாளத்தில் இருந்தார். தொடை எலும்பு முறிந்து அகப்பட்ட அவரைக் கண்டார். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் பெரியவர்களைத் தூக்கிலிட்டபின், மிஞ்சியவர்களில் எழுபதுக்கு மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அதில் சின்ன மருதுவின் கடைசி மகன் துரைசாமியும் ஒருவன், சிறு பையன். அப்போது தூத்துக்குடியில் இருந்த துரையும் வெல்ஷ்தான். 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போயிருந்தார். அங்கே கிழவனைப் போல் தளர்ந்த ஒருவன் அவர் முன் வந்து நின்றான். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டபோதுதான், துரைசாமி என்றான். வயதுக் கணக்குப்படி அவன் வாலிபன். ஏன் இப்படியானான் என்பதற்கு வெல்ஷ் காரணம் ஒன்றும் ஆராயவில்லை. தம் மனம் பட்ட பாட்டை மட்டும் எழுதிவிட்டு மேலே போகிறார்.

தோழர்களே! இந்தத் துரைசாமியை எந்தச் சரித்திரத்தில் பார்ப்பீர்கள்? "நாடு கடத்தப்பட்டோர் எழுபது சொச்சம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த எழுபது சொச்சத்தில் ஒருவனுக்கு முகம் கொடுத்தது, அவன் குடும்பத்துக்கு எதிராகச் சண்டை போட்டவன் எழுதிய புத்தகம்.

அப்படியானால் சண்டை போட்டவன் புத்தகத்தையே வாங்கிவிடலாமே என்பீர்கள். பொறுங்கள்.

சந்தையில் சட்டி வாங்கப் போகிறோம். விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடியே ஆனாலும், பெயர் பெற்ற ஊர்ச் சரக்கு என்று சும்மா வாங்கி விடுகிறோமா? விரலால் தட்டி, சத்தம் கேட்டு, பிறகுதானே வாங்குகிறோம்? புத்தகத்தையும் அப்படித் தட்டிப் பார்க்க வேண்டும். "நானே அங்கு இருந்தேன்" என்று எழுதியவனிடத்தில் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த வரியில் சொன்னதை நீ கண்டாயா, கேட்டாயா?

உதாரணமாக, வெள்ளை மருது ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று வெல்ஷ் எழுதுகிறார். இருக்கலாம். பலசாலிகளைப் பற்றி எந்த ஊரிலும் இப்படி ஒரு பேச்சு உண்டு. மற்றொன்று பாருங்கள். 1801 மே 24-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சி பிடிபட்ட பிறகு, காயம்பட்டுப் பிணங்களுக்கு நடுவில் கிடந்த ஊமைத்துரையைச் சில பெண்கள் எடுத்துப் போனார்களாம். தன் மகனைத் தேடி வந்த தாய், சாகக் கிடந்த அந்த மகனே, என்னை விட்டு அவரைக் காப்பாற்று என்று சொன்னதன்மேல் அப்படிச் செய்தாளாம். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உடம்பின்மேல் துணியைப் போர்த்தி, அம்மை போட்டுச் செத்தவன் என்று சொல்லி அழுதார்களாம். வந்தவர்கள் ஓடியே போனார்களாம். இது வெல்ஷ் கண்ணால் கண்டதல்ல. அவர் எதிர்ப் பட்டாளத்தில் இருந்தார், பிற்பாடு கேட்டதுதான். அதற்காகப் பொய் என்று நாம் சொல்லவில்லை. கண்டதற்கு ஒரு விலை, கேட்டதற்கு ஒரு விலை என்றுதான் சொல்லுகிறோம். இந்த விஷயத்தில் நமக்குள்ள அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். அம்மை என்றால் ஆயுதம் பிடித்த வீரனும் ஓடினான் என்பது அக்காலத்தில் நடக்கக்கூடியதே. அம்மை குத்துகிற முறை இந்தியாவுக்கு வந்ததே மறு வருஷம், 1802-இல். அதற்கு முன் ஆத்தாள் என்று கும்பிட்டும் பார்த்தார்கள், பயந்து ஓடியும் பார்த்தார்கள், அம்மை போகவில்லை. ஊசி குத்தினார்கள்; 1975-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லவே இல்லை. இது போகிற போக்கில் சொன்னது.

ஒரு புத்தகம் கண்டதையும் கேட்டதையும் சொல்லுவது போக, அபிப்பிராயமும் சொல்லும். அங்கேதான் பெரிய ஆபத்து. ராபர்ட்ஸ் துரை என்ற தளபதியைப் பாருங்கள். அவர் 1881 முதல் 1885 வரை சென்னைப் பட்டாளத்துக்குத் தலைமைத் தளபதி. பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. 41 வருஷ இந்திய வாசத்தைப் பற்றி 1897-இல் புத்தகம் எழுதினார். அதில், தெற்கத்தியான் முன்காலத்தில் போல் இப்போது சண்டைக்கு லாயக்கில்லை, நீண்ட நாள் அமைதியில் இருந்து தைரியம் போய்விட்டது என்பது அவர் துணிபு. அவரும் "நானே கண்டேன்" என்றுதான் எழுதினார். எதைக் கண்டார்? சண்டையில்லாத காலத்துப் பட்டாளத்தைக் கண்டார். இன்ன ஜாதியில், இன்ன சீமையில் பிறந்தவனே வீரன், மற்றவன் வீரனல்ல என்ற கொள்கை சர்க்கார் கொள்கையாகவே ஆகிவிட்டது. பிறப்பைக் கொண்டு யோக்கியதையை அளக்கிற இந்த வித்தையை வெள்ளைக்காரர் மனுவிடத்தில் படித்தாரா, தாமே கண்டுபிடித்தாரா என்பது நமக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே தராசைத்தான் பிடித்தார்கள். பலன் என்ன? சென்னைக் காலாட்பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து 1920-களில் இல்லாமலே போயின. பட்டாளத்தில் சேர்ந்து வயிற்றுக்குச் சோறும் ஊரில் ஒரு மரியாதையும் தேடிக்கொண்டிருந்த பறையர் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வழியும் அடைந்தது. பிறகு உலக யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டபோது, 1941-இல் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். போன தைரியம் அதற்குள் எந்தக் கடையிலிருந்து வாங்கி வந்ததோ, கேட்பாரில்லை.

இனி சரித்திரக்காரர் பக்கத்துக்கு வருவோம். வெல்ஷ் புத்தகத்தில் நீங்கள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒன்று உண்டு: இந்தச் சண்டை ஏன் வந்தது? பாளையக்காரர் கட்ட வேண்டிய கப்பம் எப்படிக் கும்பினியின் கைக்குப் போயிற்று, நவாப்பின் கடன் என்ன, 1792-ஆம் வருஷத்து உடன்படிக்கையில் என்ன இருந்தது என்பவற்றை அவர் தொடவே இல்லை. பட்டாளத்துக்காரனுக்கு யார்மேல் சுட வேண்டும் என்று சொல்லுவார்களே தவிர, எதற்கென்று சொல்லமாட்டார்கள். ராஜய்யன் புத்தகத்தில் அது இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் மட்டுமல்ல, திண்டுக்கல் பக்கத்துக் கோபால நாயக்கர், மலையாளத்துப் பழசி ராஜா, மைசூர்ப் பக்கத்துத் தூந்தாஜி வாக் இவர்களுக்குள் இருந்த தொடர்பும், 1800 ஜூன் மாதம் கோயமுத்தூரைத் தாக்க முயன்று தோற்றதும், அகப்பட்டவர்களைத் தூக்கிலிட்டதும் எல்லாம் ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சங்கிலியில் வெல்ஷ் ஒரு கண்ணியைத் தான் கண்டார். காளையார்கோவில் காட்டில் ஏறக்குறைய ஒரு மாதம் மரம் வெட்டி வழி செய்தும் கோட்டையை அடைய முடியாமல் திரும்பினோம் என்று அவர் எழுதும்போது வேர்வை நமக்கே வடிகிறது. ஆனால் அந்தக் காட்டுக்கு வெளியே என்ன நடந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வருஷம் ஜூன் 16-ஆம் தேதி சின்ன மருது வெளியிட்ட அறிக்கையைத் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்துக் கோவிலிலும் ஒட்டினார்கள். அதன் வாசகமும் சரித்திரக்காரர்கள் சர்க்கார் தஸ்தாவேஜுகளைப் புரட்டியதால்தான் நமக்குக் கிடைக்கிறது. அந்நியனை ஓட்டச் சொன்ன அறிக்கை, துணிச்சலான அறிக்கை. ஆனால் பிராமணர், க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம் என்று வர்ணம் வர்ணமாகத்தான் ஜனங்களைக் கூப்பிடுகிறது. அதையும் நாம் மறைக்காமல் படிக்க வேண்டும். வீரர் எழுதியது என்பதற்காக நமக்குத் தாக்ஷண்யம் வேண்டியதில்லை.

ஆகவே சரித்திரம்தான் மேல் என்று இரண்டாவது கட்சியார் கை தட்டிவிட வேண்டாம். கால்டுவெல் புத்தகத்தைத் திறந்து 1801-ஆம் வருஷத்துக்கு வந்தால் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் தெரியுமா? வெல்ஷ்தான்! பக்கம் பக்கமாக வெல்ஷ் எழுதியதையே கால்டுவெல் எடுத்துப் போட்டிருக்கிறார். வேறென்ன செய்வார்? சண்டை நடந்து 80 வருஷம் கழித்து எழுதுகிறவர், கண்டவன் எழுதி வைத்ததிலிருந்துதானே எடுக்க வேண்டும்? கால்டுவெல் புத்தகத்தை வாங்குகிறவர் வெல்ஷை வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கை மாறிய வெல்ஷையே வாங்குகிறார்.

இதுவரை ஒரு சங்கதியை நாம் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தோம். கோட்டைமேல் ஏறிய கும்பினிப் பட்டாளத்தில் வெள்ளைக்காரர் எத்தனை பேர்? கொஞ்சம் பேர். மற்றவர்கள் யார்? சிப்பாய்கள், தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், பறையர்கள். உள்ளே நின்று சுட்டவனும் நம்மவன், வெளியே நின்று செத்தவனும் நம்மவன். அந்தச் சிப்பாய்களில் ஒருவனாவது ஒரு பக்கம் எழுதி வைத்தானா? நாம் பார்த்த மட்டில் இல்லை. ஈட்டி பிடிக்க அவனை விட்டார்கள். எழுத்தாணி பிடிக்க விடவில்லை. படிப்பு இன்னாருக்குத்தான் என்று சாஸ்திரம் எழுதி வைத்தவர்கள், அவன் கண்டது அவனோடு சாகும்படி செய்துவிட்டார்கள். நமக்கு வெல்ஷ் எழுதிய புத்தகம் கிடைக்கிறதே தவிர, வெல்ஷின் பின்னால் மருந்துப்பை சுமந்துபோன முனியன் எழுதிய புத்தகம் கிடைப்பதில்லை.

சிப்பாய் எழுதியதாக ஒரு புத்தகம் வடக்கே உண்டு. அயோத்திச் சீமைப் பிராமணரான சீதாராம் என்பவர் 1812-இல் வங்காளப் பட்டாளத்தில் சேர்ந்து சுபேதார் ஆகி ஓய்வு பெற்றவர். அவர் கதை 1873-இல் நார்கேட் என்ற துரையின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாக வந்தது. அதில் அவர் காயம்பட்டுக் காட்டில் கிடந்து தாகத்தால் சாகப்போகிற சமயத்தில், கீழ்ஜாதி என்று சொல்லப்பட்ட ஒரு பெண் தண்ணீர் கொடுத்து உயிரைக் காப்பாற்றினாள் என்று வருகிறது. பிறகு என்ன? பட்டாளத்துக்குத் திரும்பினால், ஜாதி போய்விட்டது என்றார்கள். குண்டு பாய்ந்ததற்குக் கும்பினி வைத்தியம் பார்த்தது. தண்ணீர் குடித்ததற்குப் புரோகிதருக்குப் பணம் அழுது பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது! அவர் வருவார் என்று ஆரம்பத்திலேயே சொன்னோமல்லவா, வந்துவிட்டார். உயிர் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு யாராவது ஒரு காசு கொடுத்ததாக அதில் இல்லை.

நம் கட்சிக்கு இவ்வளவு அநுகூலமான புத்தகம் வேறு எங்கே கிடைக்கும்? ஆனாலும் தோழர்களே, இதையும் தட்டித்தான் பார்க்க வேண்டும். இந்தப் புத்தகத்தின் மூலப் பிரதி இதுவரை யார் கைக்கும் அகப்படவில்லை. மொழிபெயர்த்ததாகச் சொன்ன துரையே எழுதியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறவர்களும், அந்தரங்க விவரங்களைப் பார்த்தால் சிப்பாய் சொன்னதாகத்தான் தெரிகிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள். புராணத்துக்கு மூலம் எங்கே, சாட்சி எங்கே என்று மேடைக்கு மேடை கேட்கிற நாம், நமக்குப் பிடித்த கதை என்றவுடன் அந்தக் கேள்வியை மடியில் முடிந்துகொள்ளலாமா? பட்டாளத்தில் ஜாதி இப்படி நடந்தது என்பதற்கு வேறு சாட்சி நிறைய உண்டு. சீதாராமைச் சந்தேகத்தோடே படிப்போம்.

ஆகவே நம் அபிப்பிராயம்: இருக்கிற காசுக்கு வெல்ஷையே வாங்குங்கள். ராஜய்யன் புத்தகத்தை விருத்தாசலத்திலோ கடலூரிலோ எந்த நூல்நிலையத்திலாவது கேட்டு இரவலாகக் கொண்டுவந்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வெல்ஷ், கண்டேன் என்கிற இடத்தில் ஒரு கோடும், கேட்டேன் என்கிற இடத்தில் இரண்டு கோடும், அபிப்பிராயம் சொல்லுகிற இடத்தில் மூன்று கோடும் பென்சிலால் போடுங்கள். வாசகசாலைப் புத்தகத்தில் கோடு போடலாமா என்று காரியதரிசி கோபிப்பார். அவருக்கு நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளுகிறோம்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. நம் நாட்டில் பல கிராமங்களில் 1914-ஆம் வருஷத்து உலக யுத்தத்தின் ஞாபகமாகக் கல் பதித்திருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்தான் இருக்கும். போனவன் என்ன கண்டான் என்பது யாருக்கும் தெரியாது. இந்த வட்டாரத்திலிருந்து 1965-க்கும், 1971-க்கும், 1987-இல் இலங்கைக்கும் போய் வந்தவர்கள் இல்லாமலிருக்க முடியாது. இந்தக் கூட்டத்திலேயே துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். எழுதத் தெரிந்தால் அவர்களே எழுதட்டும்; முடியாவிட்டால் அவர்கள் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதட்டும். தளபதி என்ன திட்டம் போட்டார் என்று அவர்களைக் கேட்க வேண்டாம். அதைச் சொல்ல வேறு ஆள் இருக்கிறது. எந்த ரயிலில் ஏறினார்கள், முதல் ராத்திரி எங்கே படுத்தார்கள், பக்கத்தில் விழுந்தவன் எந்த ஊர்க்காரன், சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்கார்ந்தார்கள், லீவில் ஊருக்கு வந்தபோது டீக்கடையில் எந்தத் தம்ளரில் டீ கொடுத்தார்கள், இவைகளைக் கேளுங்கள். புத்தகம் வாங்கியது போக மிஞ்சுகிற சில்லறையில் ஒரு தடித்த நோட்டு வாங்கி, இன்றைக்கே காரியதரிசியின் மேஜைமேல் வைத்துவிடுங்கள்.